இரட்டைத் தண்டுப் பாலிகை

ராதிகாவின் கல்யாணத்துக்கு நவதானியம் தெளித்த பாலிகைச் சட்டிகளில் ஒவ்வொரு விதையும் இரண்டு தண்டு விட்டது. ஒன்று அடுப்படிப் பக்கம் சாய்ந்தது, மற்றது மேற்கே பெங்களூர்ப் பக்கம். மாரிக்குப்பத்தில் ரயில் ஊதும்போதெல்லாம் மேற்குத் தண்டு மட்டும் தலையாட்டியது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் அந்த வாரம் தக்காளி விலையைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

பெண்ணைப் பெற்ற சரோஜம்மா மட்டும் சட்டிகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். தங்கச் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டு மண் கலந்திருக்கும் என்று லைனே அடித்துச் சொன்னது, எதிர்வீட்டு ஜூடித் எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். சரோஜம்மா மண்ணை மாற்றினாள், ஆண்டர்சன்பேட்டையில் புது விதை வாங்கினாள். மறுபடியும் இரண்டு தண்டு. அவள் புருஷன் தசரதன், சுரங்கம் மூடியதிலிருந்து இருட்டோடு ரயிலேறி பெங்களூர்க் கம்பெனிக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறவர். சனிக்கிழமை நைட் ஷிப்ட் என்று அங்கேயே தங்கிவிடுவார். ஊரில் பாதி ஆண்களின் பிழைப்பு இப்படித்தான் என்பதால் அவள் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. ராத்திரி பசிக்குமே என்று இரண்டு ஆள் சோறு கட்டிக் கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் அவள் நெஞ்சு எரியும்.

அந்தச் சனிக்கிழமை தசரதன் செருப்பை மாட்டியதும் சட்டிகள் தரையில் உரசிக்கொண்டு அவர் பின்னாலேயே வாசல்வரை போயின.

"எங்க போவுதுங்க இது?" என்றாள் சரோஜம்மா.

"கே.ஆர்.புரத்துக்கு," என்றார் அவர். "அங்க ஒரு வீடு கீது சரோஜா."

அவள் ஜூடித்திடம் ஓடி அழுதாள். ஜூடித் தலையைக் குனிந்துகொண்டாள். "ட்ரெயின்ல வர்றவங்க எல்லாருக்கும் தெரியும்க்கா. எங்க வூட்டுக்காரரு அப்பவே சொன்னாரு. ராதிகா ஸ்கூல் போறப்பவே." சனிக்கிழமை ராத்திரி ஊர் திரும்பும் ரயிலில், கூடச் சீட்டாடியவர்கள் கண்ணெதிரேதான் தசரதன் வழியில் கே.ஆர்.புரத்தில் இறங்கியிருக்கிறார். புருஷன் செய்த துரோகத்தைக்கூட கல்யாணம் முடியும்வரை சரோஜம்மா எப்படியோ விழுங்கிக்கொண்டாள். தினமும் தன் வீட்டுக் குழம்பை வாங்கிப்போன ஜூடித்தை அவளால் விழுங்க முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. சுமங்கலிகள் இரண்டு தண்டுக்கும் சேர்த்தே நீர் தெளித்தார்கள். பாலிகையை ஏரியில் கரைத்துவிட்டு வந்த சரோஜம்மா தசரதனின் துணிப்பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். "இனிமே உங்களுக்கு எல்லா நாளும் நைட் ஷிப்ட்டுதான். போங்க."

டிசம்பரில் ஜூடித் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ராகி முளைக்கப் போட்டாள். முளைத்த இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரியாமல், வாயை இறுக்கி மூடிக்கொண்டே வளர்ந்தன. எத்தனை முறை மாற்றிப் போட்டும் அப்படியேதான். கடைசியில் அதன்மேலேயே குழந்தை இயேசுவைப் படுக்கவைத்தாள். அன்றைக்கு சரோஜம்மா பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டுப் படியேறினாள். குடிலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். ஜூடித் கேக் தட்டை நீட்டினாள்.

"சயனைடு மண்ணா இருக்கும் ஜூடி," என்று சொல்லிவிட்டு, கேக்கைத் தொடாமல் இறங்கிப் போனாள்.

ஜூடித் வீட்டு ராகி இப்போதும் வருஷாவருஷம் அப்படித்தான் முளைக்கிறது.