பதினைந்து கிலோ, சக்கரம் கூடாது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அது கிடந்தது. பென்சிலால் எழுதிய எட்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதி, ஒரு எடை, பக்கத்தில் ஒரு கழித்தல். பார்த்ததும், "அட, இது நல்ல கதையாச்சே" என்று தோன்றியது. தோன்றியிருக்க வேண்டியது வேறு. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் ஜகா வாங்காவிட்டால்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"ஆப்பிரிக்காவின் முடிவில்லாத புல்வெளியில் சூரியன் மெல்ல..."

(வேண்டாம். நான் அந்தப் புல்வெளியைப் பார்த்ததில்லை. கதையில் வருகிறவர்களும் இன்னும் பார்க்கவில்லை. சூரியனை வீணாக இழுப்பானேன்.)

இரண்டாவது:

"முப்பது ஆண்டுகளாக எடை மேடையில் கடமை தவறாது பணியாற்றிய அவர்..."

(பணி ஓய்வுக் கூட்டத்தில் மாலை போடுவதற்கு முன்னால் பேசுகிற பேச்சு. அடுத்த வரியில் மைக்கைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.)

மூன்றாவது தொடக்கத்தை நான் எழுதவில்லை, அக்கா போகவிருந்த ஆப்பிரிக்கப் பயணத்தின் ஏற்பாட்டாளர் எழுதினார். இரண்டு பக்கம், பொடி எழுத்து. நான் அச்சகத்தில் பிழை பார்ப்பவன் என்பதால் அதைப் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. காட்டுக்குள் போகும் விமானம் சின்னது. தலைக்குப் பதினைந்து கிலோதான், அதற்கு மேல் ஒரு கைக்குட்டைக்குக்கூட இடமில்லை. பெட்டி கூடாது. சக்கரம் கூடாது. அமுக்கினால் அமுங்குகிற துணிப்பைதான் வேண்டும். நீலமும் கறுப்பும் உடுத்தினால் கடிக்கிற ஈ தேடி வரும், ஆகவே மண் நிறம், காய்ந்த புல் நிறம். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி, பத்து நாளாவது முன்னதாக. மலேரியா மாத்திரை போகும் முன்பே ஆரம்பித்து வந்த பிறகும் தொடர வேண்டும். பைனாகுலர் ஆளுக்கு ஒன்று, "இல்லாவிட்டால் தம்பதிகளுக்குள் சண்டை வரும்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்.*

* நான் அந்தத் தாளில் திருத்த ஒரு பிழைகூட இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பிழைகள் வரும், அவற்றில் எதுவும் அவருடையது இல்லை.

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்றே பேர்.

அக்கா, துணி அளவு திருத்திக் கொடுக்கும் கடையில் வேலை. நீளமானதைச் சுருக்குவாள், இறுக்கமானதைப் பிரிப்பாள். கழுத்தில் அளவு நாடா தொங்காமல் அவளை நான் பார்த்தது குறைவு. அந்தக் கடைச் சுவரில் ஒரு தொலைக்காட்சி உண்டு. அதில் ஒரு நாள் ஒட்டகச்சிவிங்கி ஒன்று தண்ணீர் குடிப்பதற்காக முன்னங்கால்களை அகட்டி, தடுமாறி, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்ததாம். வீட்டுக்கு வந்து, அதை நேரில் பார்க்க வேண்டும் என்றாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். அத்தான் மறு பேச்சுப் பேசவில்லை.

அத்தான், அக்கா வீட்டுக்காரர். லாரிகளை எடை போடும் மேடையில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருடம். லோடு வண்டி மேடையில் ஏறும், மொத்த எடை வரும். அதில் காலி வண்டியின் எடையைக் கழித்தால் சரக்கு. வழக்கமாக வரும் வண்டி என்றால் காலி எடையை ஒரு தடவை எடுத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் காலியாக ஏற்றிப் பார்க்க மாட்டீர்களா என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"லாரி என்ன மாப்ளே, டயட்டா இருக்கப் போகுது?" என்றார்.

மூன்றாவது ஆள் நான். அக்காவின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை டீக்கு வருபவன். கதை எழுதுவேன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் படித்ததில்லை.

4

பன்னிரண்டு வாரம் இருக்கும்போது ஏற்பாடு தொடங்கியது. அத்தான் தன் பையை ஒரே மூச்சில் கட்டிவிட்டார். ஒன்பது கிலோ. அது கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது, அதைப் பற்றி இனிமேல் பேச்சில்லை. அக்காவின் பைதான் பிரச்சினை. கட்டிலின் மேல் அதைத் திறந்து வைத்து, தினம் ஒரு பொருளை உள்ளே வைப்பாள், ஒன்றை எடுப்பாள். தூக்குவது மட்டும் அத்தான் வேலை. அவளைத் தூக்கவிட மாட்டார்.

வீட்டில் இருப்பது ஆள் ஏறி நிற்கும் சின்ன எடை மெஷின். துணிப்பையை நேராக அதன் மேல் வைத்தால் பொத்தென்று விழுந்து எண்ணை மூடிக்கொள்ளும். அத்தானுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா. முதல் ஞாயிறு, செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் ஆளாக ஏறினார். எழுபத்து நான்கு. அக்கா அதை நாட்காட்டித் தாளின் தலையில் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டாள். பிறகு பையை அணைத்துக்கொண்டு ஏறினார். தொண்ணூறு. கழித்தால் பதினாறு. ஒரு கிலோ அதிகம். அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். காட்டில் யாருக்கு இஸ்திரி போட்டுக் காட்டப் போகிறாய் என்று நான் கேட்டேன்.

இரண்டாம் ஞாயிறு எண்பத்தொன்பது. கழித்தால் சரியாகப் பதினைந்து. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஐந்தாம் ஞாயிறு பைனாகுலர் உள்ளே போயிருந்தது. எண்பத்தெட்டு, கழித்தால் பதினான்கு.

எட்டாம் ஞாயிறு கனமான ஸ்வெட்டர், ஒரு ஜோடி ஷூ, மருந்துப் பை மூன்றும் புதிதாகச் சேர்ந்திருந்தன. எண்பத்தாறு. கழித்தால் பன்னிரண்டு.

(ஒவ்வொரு முறையும் கழித்தது அந்தக் கட்டத்துக்குள் இருந்த எழுபத்து நான்கைத்தான். உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவர்களுக்குப் புரியவில்லை.)

இந்த இடத்தில் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்: "நம்பும்படி இல்லை. எடை போடுவதையே பிழைப்பாக வைத்திருப்பவன் இப்படி ஏமாறுவானா?" கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவரைப் பள்ளிக்கூட வாத்தியாராக மாற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வாத்தியாராக இருந்தால் ஏமாறியிருக்க மாட்டார். பை கையில் கனத்ததுமே மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லியிருப்பார். அத்தானோ, "லோடு கம்மிதான் சார்" என்று சத்தியம் செய்யும் ஓட்டுநர்களையே முப்பது வருடம் பார்த்தவர். கை சொல்வதை நம்பக் கூடாது, மெஷின் சொல்வதைத்தான் நம்ப வேண்டும் என்பது அவருக்கு ஊறிப்போன விஷயம். தூக்கும்போது மூச்சு வாங்கியது. வயசாகுதுல்ல என்றார்.

5

அக்காவின் பக்கமும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நீலமும் கறுப்பும் கூடாது என்றதும் அத்தானுக்கு மண் நிறத்தில் இரண்டு கால்சட்டை தைத்தாள். அளவு முதல் வாரம் எடுத்தது. ஏழாம் வாரம் போட்டுப் பார்த்தால் இடுப்பில் நிற்கவில்லை. அக்கா முகம் சுண்டிவிட்டது. வெட்டும்போது தப்பு பண்ணிவிட்டேன் போலிருக்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டும், கடையில் யாரிடமும் சொல்லிவிடாதே என்று என்னிடம் கெஞ்சினாள். பிடித்துத் தைத்தாள். அடுத்த வாரம் மறுபடி லூஸ். மறுபடி பிடித்தாள்.

நல்ல வேளையாக (இந்தச் சொல்லை அடிக்க வேண்டும், இப்போதைக்கு இருக்கட்டும்) இருவரும் பயணத்துக்காகக் காலையில் நடக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். தெருவில் பார்த்தவர்களெல்லாம் அத்தானிடம், ஆளே குறைஞ்சிட்டீங்களே, என்ன ரகசியம் என்று கேட்டார்கள். அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனாலும் குறைந்தது எவ்வளவு என்று ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த மெஷின் பைக்கானது. ஊசி போட்ட நர்ஸ், உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டபோது ஒண்ணும் இல்ல என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. நடந்துவிட்டு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடிப்பார், மறுபடி மொண்டு குடிப்பார். வெயிலுக்குப் பழகிக்கிறேன் என்பார்.

6

எட்டாம் ஞாயிறுதான் எனக்குத் தெரிந்தது. அத்தான் கை கழுவப் போயிருந்தார். எடை பார்த்து முடித்த பையை மெஷினிலிருந்து கட்டிலுக்கு நான் தூக்கினேன். அச்சகத்தில் காகிதக் கட்டு தூக்கிப் பழகிய கை இது. பன்னிரண்டு கிலோ எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். இது பன்னிரண்டு இல்லை. பதினெட்டுக்குக் குறையாது.

மேசையில் நாட்காட்டித் தாள் கிடந்தது. அக்கா வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்தேன், கால்சட்டையைப் பார்த்தேன். பை இளைக்கவில்லை. எட்டு வாரத்தில் ஆறு கிலோ போனது அத்தானிடமிருந்து.

என் தொழில் பிழையைக் கண்டால் வட்டம் போடுவது. போடவில்லை. டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து இதன் முதல் வரியை எழுதினேன்.

(இங்கே நான் ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு நீளமான பத்தி இருந்தது. பயணம் கெட்டுவிடுமே, அக்கா ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே காரியமாயிற்றே, நடந்ததால்கூட இளைத்திருக்கலாமே என்றெல்லாம். நன்றாகவே எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு என்ன எண் வரும் என்று பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.)

ஒன்பதாம் ஞாயிறு வந்த எண் எண்பத்தைந்து. கழித்தால் பதினொன்று. "இன்னும் நாலு கிலோ இடமிருக்கு" என்று அத்தான் சொல்ல, அக்கா ஓடிப்போய் மழைக்கோட்டை எடுத்து வந்தாள். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

7

அந்த வாரம் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: சின்ன விமானம், சின்ன ஓடுதளம். அங்கே பையை நேராகத் தராசில் வைக்கிறார்கள். பத்தொன்பது. அக்கா திகைத்துப்போய் அத்தானைப் பார்க்கிறாள், அப்போதுதான் உண்மையாகப் பார்க்கிறாள்... (உருக்கமாக இருக்கும். ஆனால் அதற்கு அவர் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், என் உருக்கத்துக்காக.)

முடிவு ஆ: டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரைதான், பயப்படாதீங்க என்கிறார். மாத்திரைகள். ஆறு மாதம் கழித்து ஒட்டகச்சிவிங்கி. (இதைத்தான் நான் விரும்புகிறேன். விரும்புவதாலேயே எழுத வரவில்லை.)

முடிவு இ: "அக்கா மட்டும் தனியாக அந்தப் புல்வெளியில், கையில் இரண்டு பைனாகுலருடன்..."

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் அழகை ரசித்தேன். பிறகு, யாரைச் சாகடித்துவிட்டு ரசிக்கிறேன் என்று உறைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தாவது.

8

அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பையை அணைத்துக்கொண்டு மெஷின் முன்னால் நின்றார். அக்கா பென்சிலோடு தயாராக இருந்தாள்.

"அத்தான், பையை வச்சிட்டு ஏறுங்க" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டாள். "ஏன்டா, அவரையா மடிச்சு உள்ள வைக்கப் போறோம்?"

அத்தான் சிரிக்கவில்லை. கட்டம் போட்ட எழுபத்து நான்கைத் தாளில் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கணக்கு அவருக்குள் ஓடி முடிவது தெரிந்தது. அவர் தொழில் அது, அதிக நேரம் பிடிக்கவில்லை.

"ஏறணுமா மாப்ளே?" என்றார்.

அக்காவின் சிரிப்பு நின்றது. எழுந்து வந்து, அவர் தடுப்பதற்குள் பையை வாங்கினாள். கை இரண்டும் பையோடு கீழே இறங்கின.

"இது பதினோரு கிலோ இல்லீங்க" என்றாள்.

பையைத் தரையில் வைத்தாள். அவருடைய இடுப்பில் தான் பிடித்துத் தைத்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். இன்னும் இரண்டு விரல் போயிற்று. ஏறுங்க என்றாள். ஏறினார். அவள்தான் குனிந்து எண்ணைப் பார்த்தாள். எழுதவில்லை. பென்சிலை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"போன வாரத்துக்கு முந்தின வாரம்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றிச் சுருட்டி வைத்தாள், புடவை மாற்றிக்கொண்டாள், அவருக்குச் செருப்பை எடுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று அவரிடம்தான் கேட்டாள், என்னிடம் கேட்கவில்லை. இருவரும் படி இறங்கினார்கள். நான் பையோடு வீட்டில் இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். அவர்களை வைத்து நான் எழுதியது போதும். அ, ஆ, இ மூன்றும் மேலே இருக்கின்றன, நான்காவதாக ஒன்று உங்களிடமே இருக்கலாம், எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எந்த முடிவை வைத்தாலும், அத்தானுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாட்களிலிருந்து, நான் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு வாரத்தைக் கழித்துவிட்டு வையுங்கள்.