விளக்குக்கு ஒரு தொப்பி

பகலெல்லாம் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கண்ணைப் பறிக்கும் நெருப்போடு மல்லுக்கட்டுகிற வெல்டருக்கு, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத வெளிச்சத்தின் மேல் எப்படி ஆசை வந்ததோ, அவர் மனைவிக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பட்டறையிலிருந்து வந்ததும் குளித்து, சாப்பிட்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். அங்கே அவரே பற்றவைத்துச் செய்த தாங்கியில் ஒரு தொலைநோக்கி. அதன் பின்னால் கேமரா.

ஊர் வானம் சாம்பல் பூசினாற்போல் வெளுத்துக் கிடக்கும். தேடினாலும் பத்து நட்சத்திரம் தேறாது. ஆனால் அந்த வெளுப்புக்குப் பின்னால் ரோஜாப்பூப் போல விரிந்த ஒரு நெபுலா, பெரிய வாயு மேகம், இருந்தது. ஐந்தைந்து நிமிடமாக நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், ஊர் வெளிச்சத்தைக் கழித்துவிட்டுப் பூவை மட்டும் மீட்டுவிடலாம். வானியல் சங்கத்துக்காரர்கள் சிரித்தார்கள். மலையேறிப் போய் எடுக்க வேண்டியதை மாடியில் எடுப்பதாவது என்றார் செயலாளர். சங்கத்தின் கண்காட்சிக்கு என் மாடிப் படம்தான் வரும் என்று வெல்டரும் வாயை விட்டு மாட்டிக்கொண்டார்.

இருபத்தாறு இரவுகள் சேர்ந்துவிட்டன. இன்னும் மூன்று வேண்டும். ரோஜா மேற்கே இறங்கி மறைய ஐந்து இரவுகளே பாக்கி. விட்டால் அடுத்த வருஷம்தான்.

அன்றைய படத்தின் ஓரத்தில் புகை போல ஒரு கீற்று தெரிந்தது. யாரும் காணாத புது மேகம் என்று அவருக்குக் கை கால் ஓடவில்லை. தூங்கிய மனைவியை எழுப்பிக் காட்டினார். அவள் திரையைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

“உங்க புது மேகம் எதிர்வீட்டுப் படிக்கட்டுல தொங்குது பாருங்க.”

எதிர்வீட்டு நர்ஸ் அன்றைக்குத்தான் பெரிய விளக்கு ஒன்று மாட்டியிருந்தார். அது படிக்கு அடித்ததைவிட வானத்துக்கு அடித்ததுதான் அதிகம்.

மறுநாள் மாலை, கேட்க வேண்டியதை மனதுக்குள் நாலு தரம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வெல்டர் போனார். கதவைத் திறந்த நர்ஸ் ஒரு காலில் கட்டோடு நொண்டினார். இரவு வேலை முடிந்து வந்தபோது இருட்டில் படி தவறி விழுந்தாராம், அதற்குத்தான் விளக்காம். வெல்டர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

“மூணு நாள்தானே தம்பி? அணைச்சு வச்சிடறேன். சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு ஏறிக்கிறேன்,” என்றார் நர்ஸ்.

வெல்டர் வந்ததே அதற்குத்தான். ‘சரி’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தக் கட்டைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

“வேணாம்க்கா. லைட் எரியட்டும். நாளைக்கு வரேன்.”

வானம் கழுவிவிட்டாற்போல் இருந்த அந்த இரவு முழுக்கப் பட்டறையிலேயே போயிற்று. தகரத்தை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, கையைக் கிழிக்காதபடி விளிம்பை அரத்தால் ராவி, விளக்குக்கு ஒரு தொப்பி செய்தார். மறுநாள் அதை மாட்டியதும் வெளிச்சம் மொத்தமும் படிகளில் இறங்கியது. முன்னைவிடப் பளிச்சென்று இருப்பதாக நர்ஸ் ஏறி இறங்கிக் காட்டினார். தலைக்கு மேலே இருட்டு திரும்பி வந்தது.

மிஞ்சிய மூன்று இரவுகளில் கடைசி இரவு பாதியிலேயே மழைமேகம் மூடிக்கொண்டது.

கண்காட்சியில் மலைப் படங்களுக்கு நடுவே மாடிப் படம் தொங்கியது. செவ்விதழ் ஒவ்வொன்றும் பிரிந்து தெரிந்தது. செயலாளர் வெகுநேரம் நின்று பார்த்தார். நிஜமாகவே மாடியிலிருந்தா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, ஒரு இதழின் ஓரம் பொரபொரவென்று இருக்கிறதே, ஒரு ராத்திரி விட்டுப்போச்சா என்றார்.

“ஆமா சார். அன்னிக்கு வேற வேலை இருந்துச்சு,” என்றார் வெல்டர்.

கைத்தடியோடு நர்ஸ் வந்துவிட்டார். வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்திப் படத்தைக் காட்டினார்.

“இதுல எங்க வீட்டு லைட்டுக்கும் பங்கு இருக்கு. தலையைக் குனிஞ்சு வழி விட்டுச்சே!”

நல்ல மனசுக்கு ஆண்டவன் கணக்கில் ஓர் இரவு குறையாது என்று வெல்டரின் மனைவி நினைத்துக்கொண்டாள். செயலாளர் வெல்டரைத் தனியே அழைத்து, தன் தெருவிலும் இப்படி ஏழு விளக்குகள் இருப்பதாகச் சொல்லி, தொப்பிக்கு அளவு கேட்டார். பூவைப் பார்த்தபோதுகூட நிமிராத வெல்டரின் நெஞ்சு, அப்போது நிமிர்ந்தது.