ஜன்னலோரம் தொங்கும் பூண்டு

...உதவியாளர் என்ற சொல்லை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, எட்டு மாதமாகச் சொல்லவில்லை, போனில் சொல்லியிருக்கலாம், காலையில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபோதாவது சொல்லியிருக்கலாம், இப்போது எங்கள் ஊர் கிளாவரைக்குப் போகும் பஸ் பூம்பாறை வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கிறது, அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி கண்டக்டர் நாச்சிமுத்து அண்ணனிடம் ஆரம்பித்துவிட்டார், “எம் மக ஜோதிமணி, ஸ்பெயின் நாட்டுல டீச்சரு, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கே இங்கிலீசு சொல்லிக் குடுக்குது தம்பி”, அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, “கத விடாதீங்கண்ணே, வெள்ளைக்காரனுக்கு எதுக்கு இங்கிலீசு, அவன் பொறந்து அழுகுறதே அதுலதான”, பின்னால் கேரட் விற்றுவிட்டுக் காலிச் சாக்குகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள், அப்பா அசரவில்லை, “இவங்க வேற வெள்ளைக்காரங்கப்பா, இங்கிலீசு பரீச்சன்னா நம்மள மாதிரியே வேர்த்துப்போவும் அவங்களுக்கு”...

வேர்க்கத்தான் செய்கிறது, அதில் பொய் இல்லை. ஆனால் டீச்சர் என்பதில்? மேசை வகுப்பு ஆசிரியை கார்மெனுடையது, வருகைப் பதிவேடு கார்மெனுடையது, கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்பவள்தான் நான். கார்மென் கையைக் காட்டினால் நான் ஆப்பிள் என்பேன், இருபத்து நான்கு குரல்கள் ஆப்பிள் என்னும், நான் மழை பெய்கிறது என்பேன், வெளியே வெயில் அடிக்கும், மழை பெய்கிறது என்று அவர்களும் சொல்வார்கள். ஆறு வகுப்புகள், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். பதினோரு மணி இடைவேளையில் ஆசிரியர் அறையில் எல்லாரும் காபியைச் சுற்றி நின்று படபடவென்று பேசுவார்கள், நான் புரிந்தது போலச் சிரிப்பேன், எப்போது சிரிக்க வேண்டும் என்பதைக் கார்மெனின் தோளைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன்... இரண்டு மாதம் முழுக்க யாரும் என்னிடம் நீ எந்த ஊர், அங்கே என்ன விளையும் என்று கேட்கவில்லை. இந்தியா, அவ்வளவுதான், அதற்குமேல் என்ன இருக்கிறது? போனில் இரண்டு கோடு சிக்னல் காட்டுகிறது. இரண்டு கடிதங்கள் காத்திருக்கின்றன, ஒன்று கார்மென் எழுதியது, அக்டோபரில் இரண்டாம் வருடத்துக்கு வருகிறாயா, இன்றைக்குள் சொல், இல்லையென்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று. இன்னொன்று கொடைக்கானல் பள்ளி ஒன்றிலிருந்து, மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, எனக்கே எனக்கென்று ஒரு மேசை, ஒரு பதிவேடு, கதவில் என் பெயர். அதற்கும் இன்றுதான் கெடு. கவுஞ்சி தாண்டினால் சிக்னல் கிடையாது. அந்தப் பள்ளிக்கு ஆம் என்று அனுப்பிவிட்டால் அப்பா சொல்வது உண்மையாகிவிடும், நான் அவரைத் திருத்த வேண்டிய அவசியமே இருக்காது, எவ்வளவு சுலபம்...

தூரத்துப் படிக்கட்டு வயல்களைப் பார்க்கும்போது ஸ்பெயினில் நான் இருந்த அந்த ஊர் நினைவுக்கு வருகிறது, அங்கே இருந்தபோது இவை நினைவுக்கு வந்தன, நான் எப்போதும் ஒரு ஊரில் நின்று இன்னொன்றைப் பார்க்கிறவள்தான் போல. கல்லூரி நாட்களில் கொடைக்கானல் நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களாக எடுத்து வந்து இதே பஸ்ஸில் படிப்பேன், வாந்தி வரும், நிறுத்தமாட்டேன். முதல் பனி விழுந்த காலையில் அந்த ஊர்த் தெருவில் நின்றபோது எனக்கு அது புதிதாகவே இல்லை, இந்தப் பனியை நான் தமிழில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஜன்னலோரம் நின்று பக்கம் பக்கமாக யோசிக்கிறவர்களைப் படித்திருக்கிறேன், நானும் நின்றேன், ஆனால் அவர்கள் யாருடைய கட்டிலுக்கு அடியிலும் ஈரம் காயாத மலைப்பூண்டு இருந்ததில்லை.

அது அப்பா கொடுத்தது. கிளம்பும்போது போன செப்டம்பரில் பிடுங்கிய புதுப்பூண்டு, தண்டோடு சேர்த்துக் கட்டிப் பெட்டிக்குள் வைத்து, “புகை காட்டாம வச்சிராத ஆத்தா, பூசணம் பூத்துப்போகும்” என்றார். எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிடுவோம், மூன்று வேளைச் சமையல் புகையும் அதில் ஏறும், எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான். அங்கே மூன்றாம் மாடி, மின்சார அடுப்பு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் துணிக்கொடியில் பூண்டைக் கட்டி, பழைய வாணலியில் பைன் சுள்ளிகளைப் போட்டுப் பற்றவைத்து, அணைத்து, புகையவிட்டேன், நல்ல புகை, கண் எரிந்தது, எட்டு வாரத்தில் முதல் தடவையாக வீட்டில் இருப்பது போல இருந்தது... கூரையில் இருந்த வட்டப்பெட்டி அலறத் தொடங்கும்வரை. கட்டிடமே படியிறங்கி ஓடியது. தீயணைப்பு வண்டி வந்தது. தலைக்கவசம் போட்ட நாலு பேர் என் பூண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெட்கத்தில் நான் கரும்பலகையோடு ஒட்டிக்கொண்டேன். கார்மென் மேசையை விட்டு எழுந்தாள், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள், சொல் என்று கையைக் காட்டினாள். ஆப்பிள் இல்லை, மழை இல்லை. நான் பரணை வரைந்தேன், மலையை வரைந்தேன், மேகம் வாசல் வழியாக வீட்டுக்குள் வருவதைச் சொன்னேன், ஒரு சிறுமி கை தூக்கி, தட்டுத்தடுமாறி, அப்படியானால் நீங்கள் எல்லாரும் புகைக்குள்ளேயா தூங்குவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள், ஆமாம், அதனால்தான் நாங்களும் கெட்டுப்போவதில்லை என்றேன், சிரித்தார்கள், புரிந்து சிரித்தார்கள். நாற்பது நிமிடம். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பூண்டை நானே வகுப்பு ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டேன், மறுநாளிலிருந்து எல்லா வகுப்பும் என்னைத்தான் பேசச் சொல்லிக் கேட்டது... அந்த நாற்பது நிமிடத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள்? எழுதாவிட்டால் என்ன, என்னுடையதுதானே?

“அப்பா, நான் அங்க டீச்சர் இல்லப்பா.” வந்துவிட்டது, மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில், எந்த முன்னேற்பாடும் இல்லாமல். “டீச்சர் வேற ஒருத்தங்க. நான் அவங்களுக்குத் தொணை. கூட நின்னு பேசுறது.” அப்பா என்னைப் பார்த்தார். “சம்பளம் குடுத்தாங்கள்ல?” “குடுத்தாங்க.” “நீ பேசுனா பிள்ளைக கேக்குதுகள்ல?” “கேக்குதுகப்பா.” தீயணைப்பு வண்டிவரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன், திட்டுவார் என்று நினைத்தேன், அவர் கேட்டது ஒன்றுதான், “பூண்டு என்னாச்சு?” “கெடலப்பா, இன்னும் கிளாஸ் ஜன்னல்லதான் தொங்குது.” அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், “ஏலே நாச்சிமுத்து, எங் காட்டுப் பூண்டு ஸ்பெயின்ல பள்ளிக்கூடத்துல தொங்குதாம்ல!” நாச்சிமுத்து அண்ணன் படிக்கட்டிலிருந்தே, “உங்களவிட ஒசரத்துல இருக்குன்னு சொல்லுங்க.” பஸ் முழுவதும் என் வகுப்புப் போல இருந்தது. பிறகு அப்பா மெதுவாக, யாருக்கும் கேட்காமல், “வெதப்பூண்டு ஆத்தா அது. தின்ன ரெண்டு பல்லு போக மிச்சத்த நடுவேன்னுல்ல குடுத்தேன். தொங்கிக்கிட்டே கெடந்தா எப்படி?”

விதை. அரை வருடமாக அதைப் பற்றி ஆறு வகுப்புகளிலும் பேசியிருக்கிறேன், விதை என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. கவுஞ்சி வருகிறது, ஒரு கோடு போய் ஒன்றுதான் இருக்கிறது. கொடைக்கானல் பள்ளிக்கு, மன்னிக்கவும் என்று அனுப்பினேன். கார்மெனுக்கு, வருகிறேன், ஜன்னலில் இருப்பதை யாரும் குழம்பில் போட்டுவிட வேண்டாம், பள்ளிக்குப் பின்னால் கொஞ்சம் மண் வேண்டும் என்று எழுதி அழுத்தினேன், போன் திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. “அங்க எந்த மாசம் நடுவாங்க ஆத்தா?” என்கிறார் அப்பா. அந்த ஊரைச் சுற்றியும் பூண்டு வயல்கள்தான், தினமும் அவற்றைத் தாண்டித்தான் பள்ளிக்கு நடந்தேன், குனிந்து வேலை செய்தவர்கள் தலை நிமிர்ந்து எனக்குக் கை காட்டியிருக்கிறார்கள்... என்னை யாரும் கேட்கவில்லை என்று இரண்டு மாதம் குமைந்தவள், எட்டு மாதத்தில் நான் அவர்களில் ஒருவரிடமாவது எப்போது நடுவீர்கள் என்று கேட்டேனா?