கொக்கு பறக்காத சனிக்கிழமை

சித்தூர் சுரேஷ்பாபு பஸ் விட்டுப் பிழைத்த காலத்தில், போட்டிக்காரன் பஸ்ஸின் கண்ணாடி நொறுங்காத மாதம் கிடையாது. பெங்களூர் பாதையில் இன்னொருவன் முந்திக்கொண்டு ஆள் ஏற்றினால், பலமநேர் தாண்டுவதற்குள் அந்த டிரைவரின் மண்டையில் தையல் விழுந்திருக்கும். அதைச் செய்கிற கை சிரஞ்சீவியுடையது. அவனுக்கு 'செக்கிங்' என்று உத்தியோகப் பெயர். டிக்கெட்டை மட்டும் ஒருநாளும் அவன் பார்த்ததில்லை.

அந்த சுரேஷ்பாபுதான் பஸ்களை விற்றுவிட்டு, வெளிநாட்டுக்காரர்கள் ஓட்டிக் களைத்த இரண்டு விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தார். வாலில் வெள்ளைக் கொக்கு ஒன்றை வரையச் சொன்னார். கொக்கு ஏர். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"கோட்டு போட்டவனுக்குப் பெரிய கம்பெனிங்க இருக்குது. வருஷத்துக்கு ஒருதரம் பொண்டாட்டி புள்ளையோட ஊர் சுத்தப் போறான் பாரு, அவன் எனக்குப் போதும்" என்றார் அவர்.

அவர் போட்ட கணக்கு தப்பவில்லை. திருப்பதியிலிருந்து கோவா, ஷீரடி, போர்ட் பிளேர் என்று ஜனங்கள் ஊர்சுற்றப் போகிற இடங்களுக்கு மட்டும், அவர்கள் போகிற நாட்களில் மட்டும் கொக்கு பறந்தது. ஆளில்லாத செவ்வாய், புதனில் சும்மா நின்றது. டிக்கெட் சில நாள் ஏசி பஸ்ஸைவிட மலிவு. ஆனால் பெட்டிக்குத் தனிக் காசு, ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு, குடிக்கிற தண்ணீருக்கும் தனிக் காசு. பைலட் முதற்கொண்டு எல்லாரும் ராத்திரிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும், ஓட்டல் செலவு ஆகாது. உபரி விமானம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரு கொக்கு படுத்துக்கொண்டால் அதில் போக வேண்டியவர்கள் அடுத்த வாரத்தைப் பார்க்க வேண்டியதுதான். அப்படியும் கூட்டம் அலைமோதியது. ஐந்தாறு வருஷத்தில் இரண்டு கொக்குகள் ஒரு கூட்டமாகிவிட்டன.

கன்னிகா பஸ் காலத்து ஆள். சத்தியவேடு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, திருப்பதி புக்கிங் ஆபீஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவளை சுரேஷ்பாபு ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு மாற்றினார். ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டாள், இங்கிலீஷ் பேசப் பழகினாள், கடைசியில் அங்கே கொக்கு ஏருக்கு அவள்தான் பொறுப்பு என்றானது. கவுண்டரில் பெட்டி எடை போடுவதும் அவள்தான், கேட்டில் டிக்கெட் பார்ப்பதும் அவள்தான், வெயிலில் படிக்கட்டுப் பக்கம் நின்று ஆள் ஏற்றுவதும் அவள்தான். உதவிக்கு பிரித்திகா என்று புத்தூர்ப் பெண் ஒருத்தி. இருவருக்கும் சம்பளம் போட்டது ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி. அதைக் கன்னிகா பெரிதாக நினைத்ததில்லை. சுரேஷ்பாபு எப்போதும் அவளை 'நம்ம பொண்ணு' என்றுதான் சொல்வார்.

மே மாதத்துச் சனிக்கிழமை. கோவா விமானம் நிரம்பியிருந்தது. ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் வேலை செய்கிற பையன்கள் ஒரு பெரிய கோஷ்டியாக வந்திருந்தார்கள். எல்லார் உடம்பிலும் ஒரே மாதிரி மஞ்சள் டீ-ஷர்ட், நெஞ்சில் தென்னைமரம். அவர்களில் கருப்பன் என்பவனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி நந்திதாவோடு வந்திருந்தான். கும்மிடிப்பூண்டிக்காரன். குரல் தொண்டையிலிருந்து வராமல் வயிற்றிலிருந்து வந்தது. அவன் பெட்டி எடை கூடிவிட்டதால் கவுண்டரில் ஒரே ரகளை.

"இன்னா மேடம் இது அநியாயமா கீது? சோப்பு டப்பாக்குக் கூட காசு கேப்பீங்களா?"

"ரூல்ஸ் சார். நான் இன்னா பண்ணட்டும்?"

"ரூல்ஸா? இப்பப் பாருங்க." பெட்டியைத் திறந்து மூன்று சட்டையை உருவி, ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, அதன்மேல் மஞ்சளைப் போட்டுக்கொண்டான். கூட்டம் கைதட்டியது. கன்னிகாவுக்கு எரிச்சலாக இருந்தது. வாய்க்கொழுப்பு பிடித்தவன் என்று மனசில் குறித்துக்கொண்டாள்.

அந்தச் சமயம் சித்தூரிலிருந்து சிரஞ்சீவி கூப்பிட்டான். இப்போது அவனுக்கு 'ஆபரேஷன்ஸ்' என்று பெயர்.

"பிளைட்டு ரிப்பேரு. ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு சொல்லிடு."

சொன்னாள். இரண்டு மணி நேரம் போனதும் இன்னும் இரண்டு என்றான். அதையும் சொன்னாள். குழந்தைகள் அழத் தொடங்கின. ஒரு கிழவருக்கு மயக்கம் வந்தது. கன்னிகா தனியாகப் போய் அவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, வராதுன்னா வராதுன்னு சொல்லிடலாம். ஜனம் கொதிச்சிக்கினு இருக்குது."

"சொன்னதச் சொல்லு. புத்தி சொல்ல உன்ன வைக்கல" என்று போனை வைத்துவிட்டான்.

மூன்றாம் முறை அறிவித்துவிட்டு அவள் மைக்கைக் கீழே வைப்பதற்குள், கூட்டத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் செல்போனை உயர்த்திப் பிடித்தார். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டுகிற செயலி அதில் ஓடிக்கொண்டிருந்தது.

"ரிப்பேர்னு சொல்றாங்களே, அந்த பிளைட்டு இதோ தாய்லாந்துக்குப் போய்க்கினு இருக்குது! கடல் மேல! நம்பரப் பாருங்க, நம்ம பிளைட்டு!"

கன்னிகா தன் காதையே நம்பவில்லை. அவளுக்கும் அது புதுச் செய்தி. ஆனால் அவள் முகத்தை யார் படிக்கப் போகிறார்கள்?

முதலில் ஒரு தண்ணீர் பாட்டில் வந்து அவள் நெற்றியில் பட்டது. அடுத்து, வரிசை கட்டுகிற நாடாக் கம்பத்தை எவனோ பிடுங்கி வீச, கவுண்டர் கண்ணாடி வெடித்துச் சிதறியது. பிரிண்டரை ஒருவன் வேரோடு பிடுங்குவதுபோலப் பிடுங்கித் தரையில் அடித்தான். கவுண்டரின்மேல் ஏறிய ஒருவன் பிரித்திகாவின் கொண்டையைப் பற்றி அவளை அப்படியே இழுத்தான். உடைந்த கண்ணாடிமேல் அந்தப் பெண்ணின் முகம் உரசியது, ரத்தம் கோடாக இறங்கியது. கன்னிகா பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. அவன் அலறிக்கொண்டு கையை உதற, பிரித்திகாவை வாரி எடுத்துப் பின்னாலிருந்த சின்ன ஆபீஸ் அறைக்குள் தள்ளித் தாழ் போட்டாள்.

வாசலிலிருந்தும் சோதனைப் பக்கத்திலிருந்தும் பாதுகாப்புப் படையினர் ஓடிவர முயன்றார்கள். பயந்து ஓடுகிற ஜனம் எதிரே வந்து அவர்களை மறித்தது. அறைக் கதவோ வெறும் பிளைவுட். வெளியே "இழுத்துக்கினு வாங்கடா வெளிய!" என்று கூச்சல். உதை விழ விழக் கதவு பிதுங்கியது. அந்தக் கூச்சலுக்குள் வயிற்றிலிருந்து வருகிற அந்தக் குரலைக் கன்னிகா அடையாளம் கண்டுகொண்டாள். என்ன சொல்கிறான் என்று காதில் ஏறவில்லை. அவன்தான், அந்த வாய்க்கொழுப்புக்காரன்தான் என்பது மட்டும் ஏறியது. சுவரிலிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றி இரண்டு கையாலும் தூக்கினாள்.

கதவு பிளந்தது. மஞ்சள் டீ-ஷர்ட் ஒன்று உள்ளே வந்து விழுந்து, திரும்பி எழப் பார்த்தது. அவள் அடித்தாள். சிலிண்டரின் அடிப்பாகம் இடது கண்ணில் இறங்கியது. எலும்பு நொறுங்குகிற சத்தத்தைக் கேட்டாள், மறுபடியும் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. அவன் கத்தவில்லை, சுருண்டு கிடந்தான். ரத்தம் பார்த்ததும் வாசலில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். அதற்குள் தடியடி தொடங்கிவிட்டது.

போலீஸ் கேட்டபோது கன்னிகா தயங்காமல் சொன்னாள்: "அவன்தான் கும்பலக் கூட்டிக்கினு வந்தான். காலைலேந்து சண்டை வளத்துக்கினு இருந்தான்." கருப்பனின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்தான். கண் போய்விட்டது என்று கேள்விப்பட்டபோது அவள் மனசு கலங்கவில்லை. பிரித்திகாவின் கன்னத்தில் போட்டிருந்த தையலைப் பார்க்கும்போதெல்லாம், இன்னொரு அடி போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பிரித்திகாவே வந்தாள். செல்போனை நீட்டினாள். கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ. அறைக் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து ஒரு மஞ்சள் சட்டை நிற்கிறது. அவன் நெஞ்சிலும் வயிற்றிலும் அடி விழுகிறது. கதவின்மீது விழ வேண்டிய உதையும் அவன்மேல்தான். அவன் கத்துகிறான்: "பொம்பளைங்க கீறாங்கடா உள்ள! உட்ருங்கடா! என்ன அடிச்சிக்கோ, உள்ள போவாத!" ஓர் உதையில் கதவு பிளக்க, அவன் பின்பக்கமாக உள்ளே விழுந்து மறைகிறான்.

கன்னிகா அந்த வீடியோவைத் தன் செல்போனில் ஏற்றிக்கொண்டாள். பிறகு சித்தூருக்குப் பஸ் பிடித்தாள்.

சுரேஷ்பாபுவின் ஆபீஸில் எப்போதும்போலக் கூட்டம் இருந்தது. அவர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு வீடியோவை முழுதாகப் பார்த்தார்.

"மூஞ்சி சரியாத் தெரியல. அத்தன பேரும் மஞ்ச சட்டைதானே" என்றார்.

"குரல் அவன்து சார். நான் தப்பாச் சொல்லிட்டேன். நாம போலீஸ்ல மாத்திச் சொல்லிடலாம்."

"நாமளா?" சிரித்தார். "ஏம்மா, அவன் ரவுடின்னா நாம கலாட்டால அடிபட்ட கம்பெனி. அவன் நல்லவன்னா, ஜனம் ஏன் கொதிச்சிதுன்னு போலீஸ்காரன் கேப்பான். பிளைட்டு எங்க போச்சுன்னு கேப்பான்."

"எங்க சார் போச்சு?"

"நகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். மொத்த பிளைட்டும் கேட்டாங்க, குடுத்தேன். கோவாக்காரன் டிக்கெட்டு காச திருப்பிக் குடுத்தா முடிஞ்சிது. இதுதான்மா பிசினஸ். நீ சொன்னத சொன்னபடி வெச்சுக்கோ. அடுத்த மாசம் கம்பெனி ரோல்ல பர்மனென்டா எடுத்து, கோவாக்கே மேனேஜரா அனுப்பறேன். நீ நம்ம பொண்ணு."

கன்னிகா எழுந்தாள். "நான் நெசத்தச் சொல்லத்தான் போறேன் சார். லேட்டுன்னு சொல்லச் சொன்னது யாருன்னும் சொல்லுவேன்."

கதவருகே நின்ற சிரஞ்சீவி அவள் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கித் தரையில் போட்டு ஷூக்காலால் மிதித்தான். அவள் குனிந்தபோது கன்னத்தில் அறை விழுந்தது. சுவரில் போய் மோதினாள், காதுக்குள் விசில் ஊதியது. மறுபடி ஓங்கிய கையை சுரேஷ்பாபு "சாலு" என்று ஒரே தெலுங்குச் சொல்லில் நிறுத்தினார். "நீ எங்க கம்பெனியே இல்லம்மா. காண்ட்ராக்ட் ஆளு. ஒரு பயணிய அடிச்சிக் கண்ணக் கெடுத்தவ. போ, போய்ச் சொல்லு. உள்ள போறது நீதான்."

உதடு கிழிந்து வீங்கியிருந்தது. அதோடுதான் ஸ்டேஷனுக்குள் போனாள். "மேடம், மாத்திச் சொன்னா கேஸ் உங்க மேல வரும், யோசிச்சிக்கோங்க" என்று இன்ஸ்பெக்டர் இரண்டு முறை சொன்னார். வீடியோவை வைத்திருந்த பிரித்திகா, தையல் போட்ட முகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கன்னிகா ஒன்றுவிடாமல் சொன்னாள். ரிப்பேர் என்ற பொய், தாய்லாந்துக் கல்யாணம், முதல் அடி, விழுந்து கிடந்தவனை அடித்த இரண்டாவது அடி, எல்லாவற்றையும். கருப்பனின் கட்டிலருகே காவலிருந்த கான்ஸ்டபிள் எழுந்து போனான். வழக்கு கன்னிகாவின் பக்கம் திரும்பியது. அவளை அறைந்ததற்கு சிரஞ்சீவி மேலும், பொய் அறிவிப்புக்குக் கம்பெனி மேலும் புகார் பதிவானது. ஜாமீனில் வெளியே வந்த அன்றே அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வார்டு வாசலில் நந்திதா வழிமறித்தாள். யாரென்று தெரிந்ததும் கையிலிருந்த எவர்சில்வர் டிபன் கேரியரை ஓங்கி வீசினாள். அது கன்னிகாவின் தோளில் பட்டு, ரசமும் சோறும் சிதறின. அதோடு விடவில்லை. முடியைப் பிடித்து உலுக்கி, முதுகில் குத்திக்கொண்டே கத்தினாள். "உன்னக் காப்பாத்தத்தானேடி போனாரு! வேணாம்னு கையப் புட்ச்சி இழுத்தேனேடி!" கன்னிகா கை தூக்கித் தடுக்கவில்லை. நர்ஸ்கள் வந்து பிரித்தார்கள்.

உள்ளே கருப்பன் பாதி முகம் கட்டோடு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெரிய குரல் இப்போது முணுமுணுப்பாகக் குறைந்திருந்தது.

"நீதானா?"

"ஆமா."

"எந்தக் கையில அடிச்ச?"

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"ரெண்டு கையுமா..." அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலித்தது, ஒற்றைக் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. "இன்னா நெனச்சி அடிச்ச?"

"நீதான் உள்ள வந்து எங்களக் கொல்லப் போறன்னு நெனச்சேன்."

"உன் மூஞ்சப் பாத்தா கழுத்த நெரிக்கத் தோணுது. கை தூக்க முடியல, தோள்ல நீ போட்ட அடி அப்டி. இன்னிக்கிப் போய்டு. நாளிக்கி வா. கேக்க வேண்டியது நெறைய கீது."

இரண்டு வாரம் கழித்து வந்த சனிக்கிழமையும் கோவா விமானம் நிரம்பித்தான் கிளம்பியது. கவுண்டரில் புதுக் கண்ணாடி, புதுப் பெண்கள். அபராதம் ஒன்று விதித்தார்கள் என்றும், அதைக் கட்டிவிட்டு சுரேஷ்பாபு இன்னும் இரண்டு விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டார் என்றும் சொன்னார்கள். கன்னிகாவுக்கு அதையெல்லாம் கேட்க அன்றைக்கு நேரமில்லை. தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, கோர்ட்டு வக்கீலைப் பார்த்துவிட்டு, கருப்பன் சொன்னபடி மறுநாளிலிருந்தே தொடங்கிய வழக்கப்படி, ஆஸ்பத்திரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். நந்திதா இன்னும் அவளோடு பேசவில்லை. ஆனால் இரண்டு நாளாக அடிக்கவுமில்லை.