மேய்ச்சல் தரையில் எஞ்சியது

வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் படிவத்தைச் சோமசேகரம் ஐயா மூன்று நாளாக மேசையில் விரித்து வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார். எங்கள் விவசாயக் கந்தோருக்குப் பெரியவர் அவர். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான எழுதுவினைஞன். கழுதையும் கோவேறு கழுதையும் மேய்ச்சல் தரையில் போடும் விட்டையால் மண்ணுக்கு எவ்வளவு நைதரசன் சேர்கிறது என்று நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுப் பார்க்க, எங்கோ ஒரு நிறுவனத்துக்கு ஆசை வந்துவிட்டது. மாதிரிக்குச் சில நாடுகளின் கணக்கை அச்சடித்திருந்தார்கள். கோவேறு கழுதைப் பத்தியில் இலங்கைக்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும் கிடந்தது.

“இந்தியாவுக்குத் தொன் கணக்கில போட்டிருக்கிறாங்கள். எங்களுக்குக் கோடு! மானம் போகுது யோகலிங்கம்.”

கழுதையில் மன்னார்க் கந்தோரை அடிக்க ஏலாது என்று அவருக்குத் தெரியும். அங்கே தெருவெல்லாம் கழுதை. கோவேறு கழுதையிலாவது எங்கள் திருகோணமலை பெயரெடுக்க வேண்டும். துறைக்கு அக்கரையில், கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் ஒன்று நிற்பதாக யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். படிவத்தோடு என்னை அனுப்பிவைத்தார்.

அதை வைத்திருந்த ஸாலிஹா ராத்தா, ஊருக்கே அக்கா, வீடு வீடாக நல்ல தண்ணீர் விற்பவர். வண்டிலில் பீப்பாய். வண்டிலுக்கு முன்னால், முதுகில் சாக்குப் போர்த்தியபடி, என் தோளுயரத்துக்கு ஒரு மிருகம்.

“கோவேறு கழுதை ஒண்டு நிக்குதெண்டு கேள்விப்பட்டனான், ராத்தா.”

“கோவேறுமில்ல, ஒண்டுமில்ல. இது மன்னார்க் கழுதை. நல்லாத் திண்டு வளந்திட்டு.”

மன்னார்க் கழுதை அந்த நேரம் பார்த்து வண்டிலோடு நகரத் தொடங்கியது. “ஹோல்ட்!” என்று அதட்டினார் ராத்தா. அது சிப்பாய் மாதிரி விறைத்து நின்றது. நின்ற வேகத்தில் சாக்கு சரிந்து விழுந்தது. இடுப்பில் சூடு போட்ட பட்டாளத்து இலக்கம் பளிச்சென்று தெரிந்தது.

அதற்குப் பிறகு ராத்தா மறைக்கவில்லை. கணவர் துறைமுகத்தில் வெள்ளைக்காரரிடம் வேலை பார்த்தவர். ஆறு வருசத்துக்கு முன் அவர்கள் கப்பலேறியபோது, ஒரு துரை வாயால் “கொண்டுபோ” என்று சொல்லிக் கொடுத்ததாம். துண்டுக் கடதாசி கிடையாது. இப்போது கணவரும் மௌத்தாகி, சாட்சி சொல்லவும் ஆளில்லை.

“அரசாங்கத்துச் சாமானெண்டு கொண்டு போகத்தானே வந்திரிக்கீங்க? கொண்டு போங்க. நாளைக்கு வண்டில நான் இழுக்கிறன்.”

கடிவாளக் கயிற்றை என் பக்கம் நீட்டினார். வேலிக்குள்ளிருந்து மூன்று பெண் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். படிவத்தில் ‘ஒன்று’ என்று எழுதினால், சோமசேகரம் ஐயா பெருமை பொறுக்காமல் அரசாங்கக் கச்சேரியின் கந்தோர் முழுக்கச் சொல்லுவார். யாராவது ஒருவன் கடதாசி கேட்டு வருவான். பொய் எழுதவும் பயம். எனக்கு உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை.

படிவத்தை மறுபடி வாசித்தேன். எத்தனை மிருகம் என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை. மேய்ச்சல் தரையில் எஞ்சும் விட்டை எவ்வளவு என்றுதான் கேட்டிருந்தார்கள்.

“ராத்தா, இது புல்லில மேயேக்க போடுறதை என்ன செய்வீங்கள்?”

ராத்தாவுக்கு ரோசம் வந்துவிட்டது. “ஒரு உருண்டை விடுவனா? கடகத்தோட பின்னால நடந்து பொறுக்குவன். இந்தக் கத்தரி என்ன சும்மாவா காய்க்கிது?”

கொல்லையில் கத்தரி, குலை குலையாக நின்றது.

“ஒண்டுமே மிஞ்சாதோ?”

“அல்லாஹ்வாணை, ஒண்டும் மிஞ்சாது.”

இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? வண்டில் சட்டத்தில் படிவத்தை வைத்து, கோவேறு கழுதைப் பத்தியில் ‘இல்லை’ என்று அழுத்தமாக எழுதி, அவருக்கு வாசித்தும் காட்டினேன். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். தேத்தண்ணி வரும் என்று நினைத்தேன். வந்தது ஒரு சாக்கு.

“வீட்டில கத்தரி வெண்டி வெச்சா போடுங்க. இண்டைக்குப் போட்டதுதான்.”

வேண்டாமென்றால் மனம் நோவார். வாங்கிக்கொண்டேன்.

கிண்ணியாத் துறையில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் அந்தத் தட்டையான தோணியில் ஏறினேன். பலகை முழுக்க ஈரம். சாக்கை மடியில் வைக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல மெல்லத் தள்ளிப்போனார்கள். பாதி தூரத்தில் அக்கரை தெரிந்தது. கந்தோரில் இருப்புக்கொள்ளாமல் சோமசேகரம் ஐயாவே வந்துவிட்டார். வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக இறங்குதுறையில் நின்று, ‘கிடைத்ததா?’ என்று இரண்டு கையாலும் கேட்டார். சட்டைப் பையில் ‘இல்லை’ இருந்தது. மடியில் அது இன்னும் சூடாக இருந்தது.