ஒரே மூச்சில் ஏழு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் ஆனந்தராசாவின் மனைவி இரத்தினேஸ்வரி. போன கிழமை உப்புவெளியில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கேட்டார். நான் அவருடைய கணவரைக் காப்பாற்றியதை எழுத வேண்டுமாம். ஓம் என்றேன். முதல் வரி இப்படி வந்தது:

1969 மாசியில் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு நல்ல மனிதன்—

அடித்துவிட்டேன். அந்த நல்ல மனிதன் நான்.

2

ஆனந்தராசா கிரேன் ஓட்டுபவர். அவருக்கு லீவு கொடுக்கும் மேற்பார்வையாளர் நான். அந்த மாசியில் துறைமுகம் முழுக்கச் சளிக்காய்ச்சல். அவருக்கும் வந்து சுகமாகிவிட்டது. பத்து நாள் கழித்து என் மேசைக்கு முன் நின்றார்.

"ஐயா, ரெண்டு காலும் விறைக்குது. லீவு வேணும்."

"காய்ச்சல் மாறிட்டுதெல்லே? கப்பல் காத்துக்கொண்டு நிக்குது. நடிக்காமல் போய் ஏறும்."

(இந்த இடத்தில் 'நான் சற்றுத் தயங்கினேன்' என்று சேர்த்துப் பார்த்தேன். தயங்கவில்லை.)

மறுநாளும் கேட்டார். மறுத்தேன். மூன்றாம் நாள், கிரேன் ஏணியின் நடுவில் கால்கள் கைவிட்டன. கம்பியைக் கட்டிப்பிடித்துத் தொங்கியவரை நாலு பேர் ஏறி இறக்கினார்கள்.

3

ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார்: "காய்ச்சல் கிருமி போயிட்டுது. அதை அடிக்க எழும்பின எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் இவரின்ர நரம்பையே அடிக்குது. முதலில கால். பிறகு கை. பிறகு மூச்சு."

"ஏணியில ஏறினதால வந்ததோ?" என்று கேட்டேன்.

"இல்லை. ஆனால் ரெண்டு நாள் முந்தியே இவரைக் கொண்டுவந்திருக்கலாம்."

மூச்சின் பலம் பார்க்க ஆனந்தராசாவை ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். காலையில் இருபது. மத்தியானம் பதினாலு. பத்துக்குக் கீழே போனால் கழுத்தில் துளையிட வேண்டும். மூச்சு இயந்திரம் கொழும்பில்தான். இங்கே இருந்தது கையால் அமுக்கும் றப்பர்ப் பை.

பின்னேரம் இரத்தினேஸ்வரி குனிந்தார். "இஞ்சேருங்கோ, இன்னும் ஒருக்கா எண்ணுங்கோ."

"ஒண்டு… ரெண்டு…"

ஏழோடு நின்றது. எட்டுக்கு உதடு மட்டும் அசைந்தது.

4

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் இறக்கிறார், நான் காலமெல்லாம் வருந்துகிறேன். எனக்கு வசதியான கதை. மற்றதில் கொழும்பிலிருந்து இயந்திரம் வந்து—

வரவில்லை.

கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். தாதிமாரும் இரத்தினேஸ்வரியும் நானும் முறைவைத்துப் பையை அமுக்கினோம். கை ஓய்ந்தால் மூச்சு ஓயும். அவருக்கு எல்லாம் கேட்டது, அசைய ஏலாது. கண்கள் என்னையே பார்த்தன. பதினோராம் நாள், என் விரல் மடங்குமுன் பை தானாகச் சற்றுச் சுருங்கியது. அவர் இழுத்த மூச்சு.

5

குழாய் எடுத்து அவர் பேசத் தொடங்கிய முதல் நாள், இரத்தினேஸ்வரி என்னைக் காட்டினார். "இவர் இல்லாட்டி நீங்கள் இல்லை." பிறகு கேட்டார்: "கால் விறைச்சுதெண்டால் ஏனப்பா லீவு கேக்கேல்லை?"

ஆனந்தராசா என்னைப் பார்த்தார். கழுத்துக் காயத்தை விரலால் பொத்திக்கொண்டார்.

"மறந்திட்டன்."

பதின்மூன்று வருடமாகிறது. இன்றைக்கு அவர் நடக்கிறார், சைக்கிள் ஓடுகிறார். அந்த லீவைப் பற்றி அவரும் நானும் ஒருநாளும் கதைத்ததில்லை.

நாளைக்கு இந்தத் தாள்களை இரத்தினேஸ்வரியிடம் கொடுக்க வேண்டும். இரண்டாம் பகுதியை எடுத்துவிட்டும் வாசித்துப் பார்த்தேன். கதை நன்றாகவே இருக்கிறது. ஆனந்தராசா மறைத்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா, மறைக்க உரிமை உண்டா, தெரியவில்லை.

நீங்கள் முழுவதையும் வாசித்துவிட்டீர்கள். இரத்தினேஸ்வரியிடம் எதைக் கொடுக்கட்டும்?