பாதி மஞ்சள் கோடு

ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு மஞ்சக்கோட்டார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். சக்கரமோ பிரேக்கோ, எதைக் கழற்றி மாட்டினாலும், போல்ட்டை முறுக்கி முடித்ததும் சின்னப் பிரஷ்ஷை மஞ்சள் பெயின்டில் தொட்டு, போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுப்பார். போல்ட் துளி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக இதே வழக்கம். "மஞ்சக்கோடு விழுந்த வண்டியை எமன்கூடத் தொட மாட்டான்யா" என்று பெயின்ட் அடிப்பவர் கிண்டல் பண்ணுவார். கிண்டல்தான், ஆனாலும் மஞ்சக்கோட்டாருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஊரார் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்த்த மனுஷனிடம் சொந்தமாக இருந்தது ஓர் ஓட்டை ஸ்கூட்டர். அவர் மனைவி ஒரு தையல் கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைப்பவள். கல்யாணமான புதிதில் "உன்னைப் பின்னாடி உக்கார வெச்சு ரோடு முடியற வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவள் அதை மறக்கவே இல்லை. சண்டை வரும்போதெல்லாம் அதை எடுத்து நீட்டுவாள். கடைசியில், ஐம்பத்தொரு வயதில், ஒரு நெடுந்தூர வண்டி வாங்கக் கிளம்பினார்.

விற்றவர் ஒரு சர்வேயர். ஓய்வு பெற்றவர், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பவர். கொட்டகையில் தார்ப்பாயை விலக்கியதும் பெரிய டேங்க், இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் உட்காருபவருக்குச் சாய்மானம் எல்லாம் தெரிந்தன. முன்பக்கம் முழுக்கச் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறுக்கிக்கொண்டிருந்தது.

"மறைச்சு விக்கிற பழக்கம் எனக்கில்ல. ஒன்றரை வருஷம் முன்னாடி இது பள்ளத்துல விழுந்துச்சு. பின்னாடி என் சம்சாரம் இருந்தா. நான் பொழைச்சேன்" என்றார் சர்வேயர்.

மஞ்சக்கோட்டார் சாய்மானத்தின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"வண்டி மேல குத்தமே சொல்லக் கூடாது. விழறதுக்கு நாலு நாள் முன்னாடிதான் சர்வீஸ் பண்ணி எடுத்தேன். உங்க ஒர்க்‌ஷாப்தான். அங்க எப்பவும் சுத்தமான வேலை. குத்தம் என் மேலதான். வளைவுல பிரேக் புடிச்சேன்னு நினைக்கிறேன், ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது. போலீஸ் பேப்பர்ல அதிவேகம்னு எழுதிட்டாங்க. பையனுக்கு அதுதான் வேதவாக்கு. அம்மா காரியம் முடிஞ்ச அன்னைக்குப் போனவன், அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

ஒர்க்‌ஷாப்பைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டதும் மஞ்சக்கோட்டாரின் மனது, அந்த இடத்திலும், ஒரு நொடி நிமிர்ந்து உட்கார்ந்தது. இதை அவரே பிற்பாடு நினைத்து நினைத்து வெட்கப்பட்டார். ஒர்க்‌ஷாப்பில் வண்டி டோக்கன் நம்பராகத்தான் வரும். அவர் பார்ப்பது சக்கரத்தையும் பிரேக்கையும், ஓட்டியவர் முகத்தை அல்ல. மாதம் நூறு வண்டி. இது எப்போது வந்தது, யார் கைக்குப் போனது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வண்டி வீட்டுக்கு வந்தது. பக்கத்துத் தகரக் கொட்டகையில் நிறுத்தி, வேலை முடிந்து வந்ததும் வெளிச்சம் இருக்கும்வரை அதனுடன் மல்லுக்கட்டினார். டேங்கில் துரு, கழுவி ஊற்றினார். செயின் பாம்புச் சட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போட்டார். இன்ஜின் ஒரு வாரம் முரண்டு பிடித்து, எட்டாம் நாள் ஒரு இருமல் இருமி, பிறகு நின்று நிதானமாகப் பேச ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டு மனைவி மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"கெழம் உயிரோடதான் இருக்கு போல!"

"என்னையா சொல்ற, வண்டியையா?"

"ரெண்டையும்தான்."

வலது பெட்டியில் ஒரு மழைக்கோட்டும் பாதி தின்ற புளிப்பு மிட்டாய்ப் பொட்டலமும் கிடந்தன. மழைக்கோட்டு சின்ன உருவத்துக்குத் தைத்தது. மனைவி அதைத் துவைத்து மடித்து, "அவர்கிட்ட திருப்பிக் குடுத்துடுங்க" என்று தனியாக எடுத்து வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

முன்பக்கத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, காய்ந்த சேற்றை உளியால் பெயர்த்து, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் ஒற்றை போல்ட்டில் தொங்கியது. மேல் போல்ட் இருந்தது, கீழ் போல்ட் இல்லை. விழுந்த வேகத்தில் ஒடிந்திருக்கும் என்று நினைத்துத் துளைக்குள் டார்ச் அடித்தார். ஒடிந்திருந்தால் துண்டு உள்ளே நிற்க வேண்டும், இல்லை மரை கிழிந்திருக்க வேண்டும். மரை புதுக் கருக்கோடு பளபளவென்று இருந்தது. ஒடியவில்லை. தானாகக் கழன்று விழுந்திருக்கிறது. முறுக்காத போல்ட் நாலு நாள் ஓட்டத்தில் அப்படித்தான் கழன்று விழும். பிரேக் பிடித்த நொடியில் காலிப்பர் சுழன்று சக்கரத்தைக் கட்டிப்போட்டிருக்கும்.

எந்தப் படுபாவி செய்த வேலை இது என்று வாய்விட்டுத் திட்டினார். திட்டிக்கொண்டே துணியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மேல் போல்ட்டின் தலையில் முழு மஞ்சள் கோடு. கீழே, போல்ட் இல்லாத துளையின் ஓரத்தில், காலிப்பர் இரும்பின் மேல், பாதி மஞ்சள் கோடு.

அந்த ஒர்க்‌ஷாப்பில் மஞ்சள் பிரஷ் எடுப்பவர் ஒருவர்தான். பெயின்டில் தொட்ட பிரஷ் காய்வதற்குள் பக்கத்து போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்துவிடும் சோம்பேறித்தனம் அவருக்கு உண்டு. கீழ் போல்ட்டைக் கையால் திருகிவிட்டு, கோட்டையும் போட்டுவிட்டு, யாரோ கூப்பிட என்னவோ வேலையாக எழுந்து போயிருப்பார். திரும்பி வந்து பார்த்தால் இரண்டிலும் கோடு. கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். அவரே வைத்த சட்டம் அது. மண்டையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தும் அந்த நாள் நினைவுக்கு வரவில்லை. ஒரு பெண் செத்துப்போன அந்த வேலை, அவர் நினைவில் நிற்கக்கூட இல்லை.

அடுத்து அவர் செய்தது கேவலமான காரியம், அதை மழுப்பிச் சொல்ல வழியில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பெயின்ட் கரைக்கும் தின்னரைத் துணியில் ஊற்றி, அழுத்தி இரண்டு தேய் தேய்த்தார். பாதிக் கோடு போய்விட்டது.

அப்புறம் பேய் பிடித்தவர் மாதிரி வேலை செய்தார். ஃபோர்க்கை ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிப்போய் நிமிர்த்தினார். மரை வெட்டும் டேப்பை விட்டுத் துளையைச் சுத்தம் செய்தார். புது போல்ட் போட்டு, ஸ்பானர் 'டக்' என்று சொல்லும்வரை முறுக்கினார். நாலு நாளில் வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. மனைவி ஏறி உட்கார்ந்து சாய்மானத்தில் சாய்ந்து பார்த்தாள்.

"எப்பங்க கெளம்பறோம்?"

அவர் தரையில் குந்தி உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் அவர் வாயிலிருந்து வாங்கிக்கொண்ட பிறகு அவள் மெதுவாக வண்டியிலிருந்து இறங்கினாள்.

"துடைச்சதுதாங்க எனக்குத் தாங்கல" என்றாள் கடைசியில். "அந்த மனுஷன் நான்தான் கொன்னேன்னு உக்காந்திருக்கார். பெத்த புள்ள அவர் மூஞ்சியில முழிக்கல. போய்ச் சொல்லுங்க. ஒர்க்‌ஷாப்ல வெளிய தள்ளட்டும், ஜெயில்ல போடட்டும், பாத்துக்கலாம். சொல்லாம இதுல நான் உக்கார மாட்டேன்."

மழைக்கோட்டையும் எடுத்துக்கொண்டு போனார். சர்வேயரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அடிப்பார், கழுத்தைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தார் மஞ்சக்கோட்டார். மழைக்கோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார் சர்வேயர்.

"அப்ப நான் பிரேக் புடிச்சிருக்கேன்" என்றார்.

"புடிச்சிருக்கீங்க சார். புடிச்சதாலதான் விழுந்திருக்கு."

அவர் முகம் கோணியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நம்பரைச் சொன்னார். "என் நம்பர்னா எடுக்க மாட்டான். உங்க போன்ல அடிங்க. என்கிட்ட சொன்னதை அப்படியே அவன்கிட்ட சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

மகன் எடுத்தான். மஞ்சக்கோட்டார் ஸ்பீக்கரில் போட்டு, திக்கித் திணறிச் சொல்லி முடித்தார்.

"போன வருஷம் எங்க மாமாவை விட்டுப் பேச வெச்சார். இப்ப நீங்க" என்றான் மகன். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. "சரி. நானும் மெஷின் வேலை பாக்கறவன்தான். அந்தப் பாதிக் கோட்டையும் துளையையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கண்ணால பாத்தா எனக்குப் புரியும். நீங்க சொல்றது நெசமா இருந்தா, நானே கெளம்பி வந்து அப்பா கால்ல விழறேன்."

சர்வேயர் நிமிர்ந்தார். அதுவரை அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மஞ்சக்கோட்டார் பார்த்ததில்லை. அனுப்புங்க, அனுப்புங்க என்று கையை ஆட்டினார்.

"இப்ப இல்ல தம்பி" என்றார் மஞ்சக்கோட்டார். "பயத்துல துடைச்சிட்டேன். துளையில புது போல்ட் போட்டாச்சு."

"அப்ப அந்த எடத்துல இப்ப என்னதான் இருக்கு?"

பொய் சொல்ல அவரிடம் தெம்பு இல்லை. முறுக்கி முடித்ததும் கை தன் பாட்டுக்குப் பிரஷ்ஷை எடுத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம்.

"முழுக் கோடு இருக்கு" என்றார்.

மகன் சிரித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "அவர் பக்கத்துலதான இருக்கார்? இனிமே ஆள் புடிக்க வேணாம்னு சொல்லிடுங்க." போன் நின்றுவிட்டது.

சர்வேயர் கையை மெல்ல இறக்கி மழைக்கோட்டின் மேல் வைத்தார். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"புது போல்ட்டை நல்லா முறுக்கினீங்களா?" என்று கேட்டார் சர்வேயர்.

"முறுக்கினேன் சார்."

"இன்னொரு தடவை பாத்துக்கங்க. கோட்டைப் பாக்காதீங்க. ஸ்பானர் போட்டுப் பாருங்க" என்றார். "பின்னாடி உங்க சம்சாரம் உக்காரப் போறாங்க."